உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் வந்து கேட்டபோது, வழக்கம்போல் லேசர் பற்றியோ மீக்கடத்தி பற்றியோ எழுதித் தந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இயற்பியல் துறையில் பணியேற்ற நாள்முதல் அப்படித்தான் எழுதித் தந்து வருகிறேன். அவற்றை யாரேனும் படித்தார்களா என்பதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் என் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு செய்தி. ஆகவே இம்முறை என் காதைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. துறை அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வாயிலில் நின்று, பத்து நாள் கல்லூரிக்கு வராத காரணத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பா தவறிட்டார் சார்" என்பது அவள் சொன்னது. "அப்பா வந்திருக்கார் சார்" என்பது என் காதில் விழுந்தது. "அப்படியா, ரொம்ப நல்லது. உள்ளே வரச் சொல்லம்மா" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். பக்கத்து மேசை நண்பர் எழுந்து வந்து நடந்ததை எனக்கு விளக்கினார். அன்று பிற்பகலே அவளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார். உங்களுக்குக் காது கேக்காதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள். ஆறு ஆண்டுகளாக எவருக்கும் தெரியாது என்று நம்பி நான் மறைத்துவந்த செய்தி அது.

ஒலியியலை மாணவர்க்குக் கற்பிப்பவன் நான். என் குறைபாடு எப்படிப்பட்டது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டே விளக்கிவிட முடியும். நம் உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்னும் உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயிலை ஒட்டி நிற்பவை உயர்ந்த அதிர்வெண்ணையும், உள்ளே சுருளின் உச்சியில் நிற்பவை தாழ்ந்த அதிர்வெண்ணையும் உணர்கின்றன. முதுமையும் நெடுநாள் இரைச்சலும் முதலில் பதம் பார்ப்பது நுழைவாயிற் செல்களைத்தான். ஒருமுறை அழிந்த செல் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை.

பேச்சுக்கு இதனால் நேர்வது என்ன? தமிழிலக்கணத்தார் வகுத்த உயிர், மெய் என்ற பாகுபாடு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில், 1,000 ஹெர்ட்ஸ் வாக்கிலும் அதற்குக் கீழும் அடங்கிவிடும். அவை உரத்தவை. மெய்யொலிகளோ மெலிந்தவை, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கின்றன. மெல்லினம் ஓரளவு தப்பிப் பிழைக்கும். வல்லினம்தான் முதலில் போகும். பால் என்றாலும் கால் என்றாலும் எனக்கு 'ஆல்' என்று ஒன்றுதான் வந்து சேரும். பொருளைச் சுமப்பது மெய். ஓசையைச் சுமப்பது உயிர். ஆகவே என்னைப் போன்றவர்கள் "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று சொல்வது சாக்குப்போக்கன்று. எதிரில் இருப்பவர் கத்திப் பேசினால் உயிரொலிதான் மேலும் பருக்கிறது. மெய்யொலி அதனடியில் மூழ்கிப்போகிறது.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் வந்த சனிக்கிழமையே, காது மிஷின் விற்கும் நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். சோதனைக்கு இருபது நிமிடம், மிஷின் பொருத்துவதற்குப் பத்து நிமிடம், பில் போடுவதற்கு ஐந்து நிமிடம். "ரெண்டு காதுலயும் சராசரி 45 டெசிபெல் சார், மிதமான குறைபாடு" என்றார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் இப்போதைய வகுப்புப்படி 35 முதல் 50 டெசிபெல்லுக்கு உட்பட்டது மிதமான குறைபாடுதான், கணக்கில் பிழையில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். "பழகிப் போயிடும் சார்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். எனக்கு எங்கே கேட்க வேண்டும், ஏன் இப்போது வந்தேன் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் மின்விசிறி விமானமாயிற்று. அறுபது மாணவர்கள் பக்கம் புரட்டும் ஓசை மழை பெய்வது போலிருந்தது. பின்வரிசைக் கேள்வி மட்டும் முன்போலவே கேட்கவில்லை. பதினொரு நாள் அணிந்தேன். பிறகு அது என் பழைய ஸ்லைடு ரூலுக்குத் துணையாக மேசை இழுப்பறையில் போய்ச் சேர்ந்தது.

இஃது என் ஒருவனுடைய கதையன்று. 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏதோ ஓரளவில் கேட்புக்குறை உடையவர் 150 கோடிப் பேருக்கு மேல். அவருள் மறுவாழ்வுச் சேவை தேவைப்படுவோர் 43 கோடி. மிஷினால் பயன்பெறக் கூடியவருள் நூற்றுக்குப் பதினேழு பேரே அதைப் பயன்படுத்துகின்றனர். மிஷின் தேவைப்படும் நிலையை அடைந்தவர் அதை வாங்குவதற்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கடத்துகின்றனர் என்று அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. விலை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இலவசமாகக் கிடைத்த மிஷின்களும் இழுப்பறைகளில் உறங்குகின்றன. அப்படியாயின் குறை எங்கேயோ வேறிடத்திலும் இருக்க வேண்டும் அல்லவா?

இதற்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. கேட்புக்குறை உடையவரை ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்றும் முறை புதிதன்று. இத்துறை பிறந்ததே அப்படித்தான். நியூயார்க்கில் எட்வர்டு நிட்சி என்பவர் 1903-இல் உதட்டசைவைப் படித்தறியும் கலைக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவரே சிறுவயதில் செவிப்புலனை இழந்தவர். அவரிடம் பயின்றவர்கள் கூடி 1910-இல் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பீரங்கியும் குண்டும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் காதுகளைப் பறித்தன. அவர்களுக்காக அமெரிக்க இராணுவம் மூன்று மருத்துவமனைகளில் மறுவாழ்வு நிலையங்கள் அமைத்தது: ஓக்லஹோமாவில் போர்டன், கலிபோர்னியாவில் ஹாஃப், பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் டெஷான். டெஷானில் இப்பணியை 1944 முதல் நடத்தியவர் ரேமண்டு கார்ஹார்ட். ஆடியாலஜி என்னும் துறையின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர். அங்கே வீரர்கள் மிஷினை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடவில்லை. வாரக்கணக்கில் ஒன்றாகத் தங்கினார்கள். பல மிஷின்களை மாற்றி மாற்றி அணிந்து பார்த்தார்கள். உதடு படிக்கவும், குறைந்த கேள்வியைக் கொண்டு கூர்ந்து கேட்கவும் வகுப்புகளில் பயின்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்கும் அதே குறை. எனவே ஒளிக்க வேண்டிய தேவை இல்லை.

போர் முடிந்தது, நிலையங்கள் மூடப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. அந்தப் புதுப் பொருளை மக்கள் கைக்குக் கொண்டுவந்த முதற் கருவிகளுள் காது மிஷினும் ஒன்று என்பதை இயற்பியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். மிஷின் ஆண்டுதோறும் சிறுத்தது. அதைத் தேர்ந்து, அளந்து, பொருத்துவதே துறையின் முழுவேலை ஆயிற்று. வகுப்பறை மெல்ல மெல்லக் காணாமற்போயிற்று. இதில் யாரையும் குறைகூறுவதற்கில்லை. கருவி பெருகப் பெருகக் கருவியிலேயே கண்ணாக இருப்பது நம் ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதானே!

நோயைப் பார்ப்பது வேறு, நோயாளியைப் பார்ப்பது வேறு என்ற உணர்வு மருத்துவத்தில் தனியே வளர்ந்துவந்தது. லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்னும் மருத்துவர், ஊர்ப் பொதுமருத்துவர்களை வாரந்தோறும் ஒரு வட்டமாக அமரவைத்து, தத்தம் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். அவருடைய துணைவியார் ஈனிட் பாலின்ட் 1969-இல் எழுதிய கட்டுரையில் 'நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம்' என்ற தொடரைக் கையாண்டார். அந்தக் கருத்து இன்று எல்லா மருத்துவப் பாடநூல்களிலும் உண்டு. மருத்துவர்களே ஒரு குழுவாக அமர்ந்து கற்றதிலிருந்துதான் அது முளைத்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

செவித்திறன் துறைக்கு அது வந்து சேரச் சற்றுத் தாமதமாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் சிலர், முதியோர் செவித்திறன் வல்லுநரைக் காணும் நேரங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். "இதைப் போட்டுக்கொண்டால் கிழவன் என்பார்களே" என்பது போன்ற மனக்குறையை நோயாளி எழுப்பும்போதெல்லாம், பெரும்பாலும் பதிலாக வந்தது கருவியின் சிறப்பைப் பற்றிய விளக்கமே. நோயாளி அதே குறையை வேறு சொற்களில் மீண்டும் எழுப்புவார். மீண்டும் கருவி விளக்கமே வரும். இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. மாணவன் கேட்டது ஒன்று, நான் விளக்கியது வேறொன்று என்று எத்தனை முறை நடந்திருக்கும்! அதற்குக் காது கெட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மிஷின் இழுப்பறையில் கிடந்த நான்காம் மாதம், என் மனைவி என்னைப் பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். அழைத்துச் சென்றாள் என்பது நாகரிகமான சொல். அங்கிருந்த செவித்திறன் வல்லுநர் என் மாணவியர் வயதுடைய பெண். சோதனைக் கூண்டுக்குள் என்னை அனுப்பும் முன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "சார், எந்த அஞ்சு இடத்துல உங்களுக்குக் கேட்டே ஆகணும்? நீங்களே சொல்லுங்க" என்றார். இப்படிக் கேட்டு எழுதிக்கொண்டு, சில வாரம் கழித்து அதே ஐந்தில் எவ்வளவு தேறியது என்று நோயாளியையே மதிப்பிடச் செய்யும் முறையை ஆஸ்திரேலியாவின் நேஷனல் அக்கூஸ்டிக் லேபரட்டரீஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி டில்லனும் அவருடைய துணைவர்களும் 1997-இல் வெளியிட்டனர் என்பதைப் பின்னால் அறிந்தேன். அன்றைக்கு அது எனக்கு வெறும் கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் இதுவரை எவரும் கேட்காத கேள்வி.

வகுப்பில் பின்வரிசை, வீட்டில் சமையலறையிலிருந்து வரும் குரல், தொலைபேசியில் மகன், ஆசிரியர் கூட்டம் என்று நான்கைச் சொல்லிவிட்டேன். ஐந்தாவதற்குத் தயங்கினேன். பிறகு, "துறை அறை வாசலில் நின்று மெதுவாகப் பேசும் பிள்ளைகள்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அதைத்தான் பட்டியலில் முதலாவதாக எழுதினார்.

இழுப்பறையில் கிடந்த அதே மிஷினை வாங்கிக் கணினியோடு இணைத்து, காதுக்குள் மெல்லிய குழாய் மைக்கை வைத்து அளந்து, மேல் அதிர்வெண்களைக் கூட்டிக் கீழ் அதிர்வெண்களைக் குறைத்தார். புதிதாக ஒன்றும் விற்கவில்லை. "சனிக்கிழமை காலையில வகுப்பு இருக்கு சார். அஞ்சு வாரம். அம்மாவையும் அழைச்சிட்டு வாங்க" என்றார். நான் வகுப்பு எடுப்பவன். வகுப்புக்கு வா என்கிறாரே என்று உள்ளூரச் சற்று முறைத்துக்கொண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த வகுப்பு, பிரிஸ்பேன் நகரில் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஹிக்சனும் துணைவர்களும் முதியோருக்காக உருவாக்கிய திட்டத்தைத் தழுவியது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், ஐந்து வாரம், ஆறிலிருந்து பத்துப்பேர், ஒவ்வொருவருடனும் வீட்டார் ஒருவர். இதில் முன்கூட்டிய சிலபஸ் கிடையாது. முதல் வாரம் கூடியிருப்பவர்களே தத்தம் இடர்ப்பாடுகளைச் சொல்ல வேண்டும். எதை எந்த வாரம் எடுத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். வல்லுநர் நடத்துநர் மட்டுமே. இப்படி நம் கல்லூரியில் பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை நான் ஈண்டு ஆராயப் போவதில்லை.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். முப்பது ஆண்டு விசைத்தறி ஓட்டியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், பேத்தி கையைப் பிடித்து வந்த பாட்டி ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், கூட்டுறவுச் சங்கக் காசாளர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், இருசக்கர வண்டி மெக்கானிக் இளைஞர் ஒருவர், நான். பட்டம் பெற்றவன் என்ற மிதப்பு எனக்குச் சற்று இருந்தது. அது முதல் வாரத்திலேயே கழன்றது.

தறிக்காரர்தான் முதலில் பேசினார். "தறியில இருக்கறப்ப யாருக்குமே கேக்காதுங்க. வீட்டுக்கு வந்தா எனக்கு மட்டும் கேக்கலைங்க" என்றார். தறிக்கூடத்தில் நாள் முழுவதும் அவர்கள் உதட்டைப் பார்த்தும் கையசைத்தும்தான் பேசிக்கொள்கிறார்களாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் இத்தகைய ஓசையற்ற பேச்சு வழங்கியது. அதற்கென்று ஒரு பெயர்கூட இருந்தது. நிட்சியின் பள்ளியில் சேராமலே எங்கள் தறிக்காரர் அந்தக் கலையில் தேர்ந்தவர். மூன்றாம் வாரம் உதட்டசைவுப் பாடத்தை வல்லுநர் அவரிடமே ஒப்படைத்துவிட்டார்.

அன்று நான் கற்றது சிறு இயற்பியல் பாடமும்கூட. பாலை, மாலை இரண்டையும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ம-கரத்தின் மூக்கொலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் என் போன்ற காதுக்கு அது அகப்படும். மாறாக, பாலை, தாலி என்பவற்றின் முதலெழுத்தைக் காது பிரிக்கத் தவறும். உதடு கூடுகிறதா, நாக்கு பல்லைத் தொடுகிறதா என்று கண் எளிதில் பிரித்துவிடும். காது விட்டதைக் கண்ணும், கண் விட்டதைக் காதும் பொறுக்கிக்கொள்கின்றன. தொண்டையோரம் பிறக்கும் ககரம் மட்டும் எதற்கும் சரியாக அகப்படாது. பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், சன்னலுக்கு முதுகு காட்டி அவர் நிற்கக் கூடாது என்பதெல்லாம் இதிலிருந்து தாமே பெறப்படும். மீசை அடர்ந்த மளிகைக் கடைக்காரரை எல்லோரும் ஒருசேரப் பார்த்தோம். அடுத்த வாரம் அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

நடத்துநர் தந்த பாடம் வேறு. நான் கேட்காதபோதெல்லாம் "என்ன?" என்பேன். எதிரில் இருப்பவர் அதே வாக்கியத்தை அதே விதமாக, கொஞ்சம் எரிச்சலைச் சேர்த்துச் சொல்வார். மீண்டும் "என்ன?" என்பேன். மூன்றாம் முறை "ஒண்ணுமில்லை, விடுங்க" என்ற விடை வரும். கேட்புக்குறை உடையவர் மிகவும் அஞ்சும் சொற்றொடர் இதுதான் என்று அங்கே எட்டுப் பேரும் ஒருமனதாகச் சொன்னோம். நடத்துநரோ பணிக்காலத்தின் கடைசிச் சில ஆண்டுகளில் "என்ன?" என்ற சொல்லையே பயன்படுத்தியதில்லையாம். "பல்லடத்துக்கா? எத்தனை டிக்கெட்?" என்று கேட்டுவிடுவாராம். காதில் விழுந்த பாதியைச் சொல்லி, விழாத பாதியை மட்டும் கேட்பது. பயணிக்கு எரிச்சல் வருவதில்லை. தாம் சொன்னதில் பாதி போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிகிறது. வல்லுநர் இதற்குப் பெரிய பெயர் ஒன்று சொன்னார். எங்கள் குழுவில் அதற்கு 'டிக்கெட் முறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாம் வாரம் வீட்டுப் பேச்சு. உடன் வந்தவர்கள் பேசினார்கள். என் மனைவி எழுந்து, "ஆறு வருஷமா இவர் என்கிட்ட எதுக்கோ கோவமா இருக்கார்னே நினைச்சேன்" என்றாள். செவிலியரின் கணவர், "நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்" என்றார். நான் வியர்த்துப்போனேன். என் மனைவி இதை வீட்டில் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்து நான் கேட்காமலும் இருந்திருக்கலாம். பிறகு கணக்குப் போட்டோம். சமையலறைக்கும் என் நாற்காலிக்கும் எட்டு மீட்டர். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது ஒலி ஆறு டெசிபெல் குறையும் என்பது நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வருவிக்கும் சூத்திரம். ஒரு மீட்டரில் 60 டெசிபெல் இருக்கும் பேச்சு எட்டு மீட்டரில் 42 ஆகிவிடும். வீட்டுச் சுவர்களின் எதிரொலியால் சற்றுக் கூடினாலும், மிக்ஸியின் முன் அது எம்மாத்திரம்? சூத்திரம் எனக்குத் தெரியும். என் வீட்டில் அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. நாற்காலியைச் சமையலறை வாயிலுக்கு அருகே நகர்த்தினோம். முதலில் பெயரைச் சொல்லி அழைப்பது, நான் திரும்பிய பிறகு செய்தியைச் சொல்வது என்று உடன்பாடு செய்துகொண்டோம். மிக்ஸி ஓடும்போது பேசுவதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காசும் செலவில்லை.

எல்லாம் இப்படி இனிதே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். நான்காம் வாரம் திருமண மண்டபம், ஒலிபெருக்கி, இரயில் நிலையம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் இளைஞர் திடீரென்று, "பொண்ணு பாக்கப் போறப்ப மிஷினைக் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்றாங்க வீட்டுல" என்றார். அவருடன் வந்த தாயார் தலை குனிந்துகொண்டார். பாட்டி மட்டும், "மறைச்சுக் கட்டிக்கிட்டா அப்புறம் கட்டினவகிட்ட தினம் தினம் மறைக்கணும் கண்ணு" என்றார். நல்ல சொல்தான். ஆனால் அந்தத் தாய்க்கு இருந்த அச்சத்தை அது தீர்க்கவில்லை; எங்களில் எவரிடமும் அதற்கு விடை இல்லை. ஐந்தாம் வாரம் அவர்கள் வரவில்லை. குழு என்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்குத் தெருவில் நிறுத்தியது போன்ற கூச்சம். அப்படிப்பட்டவரைத் தனியே பார்ப்பதும் நோயாளியை மையமாகக் கொள்வதில் அடங்கும். வல்லுநர் பிறகு அவரைத் தனியே சந்தித்து வருவதாக அறிகிறேன்.

இம்முறையின் பயனுக்குச் சான்று உண்டா என்று அறிவியல் மாணவர் கேட்க வேண்டும். ஹிக்சன் குழுவினர் 178 முதியவரைக் கொண்டு நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டனர். மிஷின் அணிந்தவரும் அணியாதவரும் அதில் இருந்தனர். சிலர் நேரே இவ்வகுப்பிலும், சிலர் முதலில் வெறும் உரையாடல் கூட்டத்திலும் சேர்க்கப்பட்டனர். வகுப்பில் பயின்றவரின் அன்றாடப் பேச்சு இடர்ப்பாடு குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. கூட்டமாக அமர்ந்து பேசியதே சிறிது பயன் தந்தது என்பதும் அதில் தெரியவந்தது. பயன் பெரிதென்று சொல்வதற்கில்லை. பல ஆண்டுகள் நிற்குமா என்பதற்குச் சான்று இன்னும் மெலிந்தே உள்ளது. 2023-இல் லான்செட் இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரில் ஒரு சாராருக்கு மிஷினும் தொடர்ந்த ஆலோசனையும், மறுசாராருக்குப் பொது உடல்நலக் கல்வியும் தந்து மூன்று ஆண்டு பார்த்தனர். மொத்தத்தில் நினைவாற்றல் தேய்வில் வேறுபாடு காணவில்லை. ஆனால் மறதி நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்த பிரிவினரிடம் அத்தேய்வு 48 விழுக்காடு மட்டுப்பட்டது. இதைக் கொண்டு "மிஷின் போட்டால் மறதி வராது" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிவிடாதீர்கள். ஆய்வு சொல்வது அதுவன்று.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று காது அடைத்துக் கேட்காமற்போனால் வகுப்பைத் தேடிக்கொண்டிராமல் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஓட வேண்டும். அதற்கு உடனடி மருந்து உண்டு. நாள் கடந்தால் பயன் குறையும்.

ஐந்தாம் வாரம் ஒரே ஒரு பயிற்சிதான். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்வதுபோல், "எனக்குக் காது சற்று மந்தம். முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள்" என்று சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டு மேடையில் நின்று பேசிய எனக்கு அந்த இரண்டு வாக்கியம் மூன்றாம் முறைதான் வாயில் வந்தது. பாட்டி முதல் முறையிலேயே சொல்லி முடித்து, "இதுக்கா இத்தனை நாள்?" என்றார்.

இப்போது முதலாண்டு வகுப்பில் முதல் நாளே அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பவர் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. பணிவுக்காக அன்று, உதடு தெரிவதற்காக. துறை அறையில் மின்விசிறியை மாற்றித் தருமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரவில்லை. மேசையை மட்டும் வாயிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மலரைப் படிக்கும் மாணவர் வீட்டில் வானொலியை உரக்க வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாத்தாவோ, கூப்பிட்டால் திரும்பாத தந்தையோ இருந்தால் என்னிடம் வந்து விவரம் கேட்கலாம். சனிக்கிழமை காலை மட்டும் நான் இருக்கமாட்டேன். பழைய உறுப்பினர் என்ற முறையில் புதுக் குழுவுக்குப் போய் உட்காருகிறேன்.

அந்த மாணவி சென்ற மே மாதம் பட்டப்படிப்பை முடித்தாள். டி.சி. வாங்க வந்தபோது மேசைக்கு நேர் எதிரே வந்து நின்று, மெதுவாகத்தான் பேசினாள். தாயாரும் தம்பியும் நலமாக இருப்பதாகவும், பி.எட். சேரப் போவதாகவும் சொன்னாள். எல்லாம் கேட்டது. ஊர்ப் பெயர் மட்டும் பிடிபடவில்லை. "பி.எட். எந்த ஊரில் என்றாய்?" என்று கேட்டேன். சொன்னாள்.